ரசனையும் தராசும்

பாட்டு முடிந்த பிறகுதான் ரசிகன் பேசத் தொடங்குகிறான். அந்தப் பேச்சை நாம் பெரும்பாலும் பொழுதுபோக்கு என்றே ஒதுக்கிவிடுகிறோம். சபா உணவகத்தில் காபி ஆறும்வரை நடக்கும் விவாதம், தேநீர்க் கடை வாசலில் எழும் 'யார் பெரியவர்' என்ற சச்சரவு, ஞாயிறு திருப்பலிக்கான பாடற்குழு ஒத்திகை முடிந்தபின் இளைஞர்கள் பரிமாறிக்கொள்ளும் புதுப்பாட்டுச் செய்திகள் ஆகிய எவையும் திறனாய்வு என்ற பெயரைப் பெற்றதில்லை. ஆயினும் நம்மிடையே திரையிசையைப் பற்றி எழுத்தில் வந்த விமர்சனத்தைவிடப் பேச்சில் நடந்த விமர்சனமே மிகுதி. நம் செவியைப் பழக்கியதும் கெடுத்ததும் அந்தப் பேச்சுதான். எனவே அது நலமாக இருக்கிறதா, நோயுற்றிருக்கிறதா என்று ஆராய்வது வீண் வேலையன்று.

இந்தச் சிந்தனைக்கு உகந்த இடம் நந்தனம். 1920இல் ஹாரி க்ரோ பக் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியின் மைதானம், ஓட்டப்பந்தயங்களோடு புத்தகக் காட்சியையும் இசை நிகழ்ச்சிகளையும் கண்ட மைதானம். அங்கே 2025 பிப்ரவரி 5 அன்று ஆங்கிலப் பாடகர் எட் ஷீரன் பாடினார். நிகழ்ச்சியின் நடுவே ஏ.ஆர்.ரகுமான் மேடையேறினார். ஷீரனின் 2017ஆம் ஆண்டுப் பாடலான 'ஷேப் ஆஃப் யூ'வும், 1994இல் வெளிவந்த 'காதலன்' படத்தின் 'ஊர்வசி'யும் ஒன்றன்மீது ஒன்றாகப் பொருந்தி ஒலித்தன. இருபத்து மூன்று ஆண்டு இடைவெளியும் இரு மொழிகளும் ஒரே தாளத்தில் அடங்கின. இவற்றுள் எது உயர்ந்தது என்ற கேள்விக்கு அந்தச் சில நிமிடங்களில் இடமே இருக்கவில்லை. ஆனால் நம் ரசிகர் பேச்சு பெரும்பாலும் அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. அதிலேயே முடிந்தும் போகிறது. இது ஏன்?

கடை என்ற பள்ளி

எண்பதுகளில் நம் சிற்றூர்களில்கூட 'ரெக்கார்டிங் சென்டர்' என்று பலகை மாட்டிய கடைகள் இருந்தன. ரசிகர் ஒரு தாளில் பாடல்களை வரிசையாக எழுதிக் கொடுப்பார். கடைக்காரர் அவற்றை இசைத்தட்டிலிருந்து ஒலிநாடாவில் பதிந்து தருவார். அறுபது நிமிட நாடாவில் பக்கத்துக்கு முப்பது நிமிடம். ஆறேழு பாடல்கள் அடங்கும். பக்கத்தின் முடிவில் மூன்று நிமிடம் மீந்தால் அதில் எதை இடுவது? சோகப் பாடலுக்குப் பின் துள்ளல் பாடல் வரலாமா? இவ்வினாக்களுக்கு விடை தேடியபோது பாமர ரசிகரும் தம்மை அறியாமலேயே திறனாய்வாளர் ஆனார். பதிப்புரிமைச் சட்டத்தின் கண்ணில் அந்தத் தொழில் குற்றமே. அதை மறைக்க வேண்டியதில்லை. எனினும் செவிக்கு அது ஒரு பயிற்சிக்கூடமாக இருந்தது என்பதையும் மறுக்க இயலாது.

அந்தக் கடைகளில் நிகழ்ந்த பேச்சுக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. கையிலிருந்த காசு குறைவு. ஆகவே தேர்வு கவனமாக நடந்தது. ஒருவர் கொடுத்த பட்டியல் அவருடைய ரசனைக்கு அவரே எழுதிக் கொடுத்த சாட்சியம். இதே ராகத்தில் இன்னொரு பாடல் உண்டு, கேட்டீர்களா என்று கடைக்காரர் கேட்பார். அருகில் நிற்கும் அறிமுகமற்ற ஒருவர் மூன்றாவதாக ஒன்றைச் சொல்வார்.

அன்றைய திரைப்பட ஒலிநாடாக்களின் உறையில் இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடகர் பெயர்கள் இருக்கும். வாத்தியக் கலைஞர் பெயரைக் காண்பது அரிது. அந்தப் பெயர்களைக் காத்தது ரசிகர் பேச்சுதான். இளையராஜாவின் குழுவில் வயலின் வாசித்த வி.எஸ்.நரசிம்மன், தாளக்கருவியில் புருஷோத்தமன், பேஸ் கித்தாரில் சசிதரன், விசைப்பலகையில் விஜி மேனுவல், புல்லாங்குழலில் நெப்போலியன் என்று செவிவழியாகவே ஒரு மரியாதைப் பட்டியல் ஊர் ஊராகப் பரவியது. அச்சு மறந்த உழைப்பாளியைப் பேச்சு மறக்கவில்லை. திறனாய்வின் முதல் அறம் இதுவே அன்றோ?

விழா என்ற கூடல்

விழாவின் கதை சற்று வேறானது. 1927 டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டையொட்டி ஓர் இசை மாநாடும் நடைபெற்றது. அதன் பயனாக 1928இல் மியூசிக் அகாடமி தோன்றியது; மார்கழி இசைவிழா வேரூன்றியது. அந்த மேடைகளில் தமிழ்ப் பாடல்களுக்கு உரிய இடமில்லை என்ற குறை கேட்போர் நடுவே வளர்ந்து இயக்கமாகி, 1943இல் தமிழ் இசைச் சங்கமாக உருப்பெற்றது. 19ஆம் நூற்றாண்டிலேயே சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளைத் தமிழில் இயற்றிய மாயூரம் வேதநாயகம் பிள்ளையை நம் முன்னோடியாகக் கொண்டாடுகிறோம். அவருக்குப் பின் வந்த தலைமுறை அதே ஏக்கத்தைச் சபைகளின் வாசலில் பேசிப் பேசியே வென்றது. பேச்சு மேடையையும் மாற்றும் என்பதற்கு இது சான்று.

விழா இடம் மாறினால் பேசுவோரும் மாறுவர். கத்தோலிக்கக் குருவான ஜெகத் கஸ்பர் ராஜ் நிறுவிய தமிழ் மையத்தின் முயற்சியால் 2007இல் தொடங்கிய சென்னை சங்கமம், கிராமியக் கலைகளை நகரத்தின் பூங்காக்களுக்குக் கட்டணமின்றி அழைத்து வந்தது. பறையை வெறும் ஓசை என்று கருதியிருந்த பலர், அதன் அடவுகளைப் பற்றிக் கேள்வி கேட்கும் நிலைக்கு வந்தனர். அடையாற்றின் கழிமுகத்தருகே, பெசன்ட் நகர் அன்னை வேளாங்கண்ணித் திருத்தலத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில் உள்ள ஊரூர் ஆல்காட் குப்பத்தில் 2014 டிசம்பரில் ஒரு மார்கழி விழா தொடங்கியது. பாடகர் டி.எம்.கிருஷ்ணாவும் நண்பர்களும் குப்பத்து மக்களோடு சேர்ந்து அதை நடத்தினர். கர்நாடக இசையும் மீனவர் வாழும் தெருவும் முகம் பார்த்துக்கொண்டன. ஒரு விழா நல்லதா என்று அளக்க, யார் பாடினார் என்று மட்டும் கேட்டால் போதாது. பாட்டு முடிந்தபின் யாரோடு யார் பேசினார் என்றும் கேட்க வேண்டும்.

தொகுப்பு என்ற உரையாடல்

கடையும் விழாவும் பேச்சை வளர்த்த இடங்கள். பேச்சு எப்படி இருக்க வேண்டும் என்பதை இசையாகவே காட்டிய ஒரு தொகுப்பும் நம்மிடம் உண்டு. இளையராஜா 1986இல் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்?' தான் அது. படம் இல்லை, பாடல் வரி இல்லை. பத்து இசைக்கோவைகள் மட்டும். தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்டது. தனி வயலின் வி.எஸ்.நரசிம்மனுடையது.

பாக் நமக்கு அந்நியர் அல்லர். லைப்சிக் நகரின் ஆலயத்தில் ஞாயிறுதோறும் வழிபாட்டுக்கு இசை அமைத்தவர். மகிமை இறைவனுக்கே என்று பொருள்படும் மூன்று இலத்தீன் எழுத்துகளைத் தம் இசைப்படிகளின் இறுதியில் எழுதியவர். அந்த பாக்கைப் பண்ணைப்புரத்து இளைஞர் அறிந்தது மயிலாப்பூரில், தன்ராஜ் மாஸ்டரிடம் மேலையிசை பயின்றபோது.

இத்தொகுப்பின் ஏழாவது கோவையின் தலைப்பு, பாக்கை என் வீட்டில் சந்தித்தேன் என்று பொருள்படும். தனி வயலினுக்கென பாக் எழுதிய மூன்றாம் பார்ட்டிட்டாவின் முகப்பு அங்கே ஒலிக்கிறது; அதனூடே இளையராஜாவின் இசை இழைகிறது. அடுத்த கோவையின் தலைப்பு, நாங்கள் பேசிக்கொண்டோம் என்பது. அதற்கடுத்ததோ 'டோன்ட் கம்பேர்', அதாவது ஒப்பிடாதே.

இந்த மூன்று தலைப்புகளையும் சேர்த்துப் படிப்போர்க்கு ஓர் ஐயம் எழும். பாக்கைத் தம் அருகில் அமர்த்தியவரே ஒப்பிடாதே என்பது முரண் அல்லவா? இங்குதான் இத்தொகுப்பின் உயிர்நாடி இருக்கிறது என்று கருதுகிறேன். ஒப்பீட்டில் இருவகை உண்டு. ஒன்று தராசு: இரண்டைத் தட்டுகளில் வைத்து, ஒன்றை மேலேற்றி மற்றதைத் தாழ்த்துவது. மற்றது விளக்கு: ஒன்றின் ஒளியில் மற்றொன்றைக் காண்பது. இளையராஜா விலக்குவது தராசை. ஏற்றி வைப்பதோ விளக்கை. இதே தொகுப்பில் அவர் கையாளும் ஃபியூக் என்ற வடிவமும் இதையே உணர்த்துகிறது. ஒரு குரல் ஒரு சொல்லைத் தொடங்கும். அடுத்த குரல் அதையே வேறு இடத்தில் எடுக்கும். முதற்குரல் மௌனமாகிவிடாமல் புதிதாக ஒன்றைச் சொல்லும். எந்தக் குரலும் மற்றதை வெல்வதில்லை. நல்ல உரையாடலுக்கு இதைவிடச் சிறந்த உவமை உண்டோ?

குறையே இல்லை என்று சொல்வதற்கில்லை. விருந்தோம்பல் மிகுந்து வாதம் தளர்ந்துவிடும் இடங்கள் இதில் உண்டு. விருந்தினரை இன்னும் சற்று எதிர்த்துப் பேசியிருக்கலாமே என்று தோன்றும். ஆயினும் மூன்றாவது கோவை, நீ விடுதலையாய் இருக்க இயலாது என்ற பொருளில் தலைப்புப் பெறுகிறது. ஐந்தாவது, எல்லாம் வகுக்கப்பட்டது என்கிறது. ஒப்பிடாதே என்பதற்குப் பின் வரும் பத்தாவதோ, எதையும் செய் என்று முடிகிறது. கட்டிலிருந்து விடுதலைக்கு ஒரு பயணம். அன்பு செய்பவனுக்குச் செயலில் தளை இல்லை என்ற கருத்தில் புனித அகுஸ்தீனார் கூறியது நம் வாசகர்களுக்கு இங்கே நினைவுக்கு வரலாம். ஒரு கோவையை மட்டும் உருவிக் கேட்பவருக்கு இந்தப் பயணம் கிட்டாது. தொகுப்பு என்பது வரிசை.

தராசு செய்த தீங்கு

'ஒப்பிடாதே' வெளிவந்து ஆறு ஆண்டுகளில், 1992இல் 'ரோஜா' வந்தது. அன்று தொடங்கிய இளையராஜா, ரகுமான் கட்சிப் பிரிவினை தலைமுறை கடந்தும் தொடர்கிறது. ரகுமானின் ஒலியமைப்பின் வெளிச்சத்தில் இளையராஜாவின் நரம்பிசைக் கட்டமைப்பு இன்னும் தெளிவாகத் தெரியக்கூடும். இவருடைய அடர்த்தியைக் கேட்ட செவி அவருடைய வெற்றிடங்களின் அழகை உணரக்கூடும். இரண்டும் நமக்குக் கிடைத்த பேறு. நாமோ ஒன்றை ஏற்க மற்றதை இகழ்வதே விசுவாசம் என்று எண்ணினோம்.

தமிழ் மையத்தின் ஆதரவில் 2005 ஜூன் 30 அன்று மியூசிக் அகாடமியில் வெளியிடப்பட்ட 'திருவாசகம்' தொகுப்புக்கு நேர்ந்ததும் இத்தகையதே. மாணிக்கவாசகரின் சொல், பண்ணைப்புரத்துக் குரல், புடாபெஸ்ட் இசைக்குழு, ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ் எழுதிய ஆங்கில வரிகள், ஒரு கத்தோலிக்கக் குருவின் முன்முயற்சி: இத்தனையும் ஒரு நூலில் கோக்கப்பட்ட செயல் அரியது. ஆனால் இது சிம்பொனியா, ஆரட்டோரியோவா என்ற பெயர்ச் சண்டை பெரிதாயிற்று. இசையின் வடிவை அறிவது தேவையே. உரைப்பகுதியைக் குரல்கள் ஏற்றுப் பாடுவதால் இரண்டாவது பெயரே பொருந்தும் என்பது என் எண்ணமும். எனினும் அந்த விடையோடு பேச்சு நின்றுவிட்டால் என்ன பயன்? தமிழ்ச் சொல்லின் நெடில் குறில் மேலை நரம்பிசையின் மீது எங்கே இயல்பாக அமர்ந்தது, எங்கே இழுபட்டது என்ற கேள்வி அல்லவா நம் பாடற்குழுக்களுக்கும் இசையமைப்போருக்கும் உதவும்? பக்தியின் நெகிழ்ச்சியைப் பேரிசையின் பிரம்மாண்டம் வளர்த்ததா, மூடியதா? இவற்றைப் பேச முழுவதும் கேட்டிருக்க வேண்டும். பெயரைப் பற்றிச் சண்டையிட அது தேவையில்லை.

இனி எங்கே பேசுவது?

கடைகள் மறைந்தன. ஸ்பென்சர் பிளாசாவில் இளைஞர் கூடிய மியூசிக் வேர்ல்டு கடை இன்றில்லை. அந்நிறுவனம் 2013இல் தன் கடைகளை மூடியது. மும்பையின் புகழ்பெற்ற ரிதம் ஹவுஸ் 2016இல் கதவடைத்தது. இன்று கைப்பேசியில் கோடிக்கணக்கான பாடல்கள் கிடைக்கின்றன. அது நன்மையே; ஒருகாலத்தில் வசதி படைத்தோர் மட்டுமே கேட்ட பாக்கை இன்று சாந்தோம் குப்பத்து மாணவனும் கேட்கலாம். ஆனால் எதைக் கேட்டாய், ஏன் கேட்டாய் என்று வினவ அங்கே எதிரில் ஆள் இல்லை. அடுத்த பாடலைக் கணிப்பொறி தேர்ந்து தருகிறது. அது நம் பழக்கத்தை அறியும், நம்மோடு முரண்படாது. முரண்படாத தோழனால் ரசனை வளர்வதில்லை.

நந்தனம் போன்ற மைதானங்களில் ஆயிரக்கணக்கானோர் கூடுகின்றனர். அங்கே உற்சாகம் உண்டு. அதைப் பழிப்பது என் நோக்கமன்று. ஆயினும் நுழைவுச்சீட்டின் விலை ஒரு மதிலாக நிற்பதையும், ஒலிபெருக்கியின் பேரோசையில் அருகிலிருப்பவரிடம் ஒரு சொல் பேச இயலாததையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கூட்டம் தானாகவே கூடல் ஆகிவிடாது.

ஆகவே பேச்சை நாம்தான் மீட்க வேண்டும். அதற்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. மாதத்திற்கு ஒரு தொகுப்பை நான்கைந்து பேர் சேர்ந்து முதலிலிருந்து இறுதிவரை கேட்கலாம். பாடியவரோடு வாசித்தவர் பெயரையும் தேடி அறிந்து சொல்லலாம். எது பெரிது என்ற கேள்வி எழும்போது, இதனால் மற்றதில் எது புதிதாகத் தெரிகிறது என்று அதைத் திருப்பிக் கேட்கலாம். முதல் நாளில் நமக்குப் பேச அதிகம் இராது. சிறு மௌனம் நிலவும். அந்த மௌனத்திற்கு அஞ்ச வேண்டாம். கேட்டவர்களிடையே மட்டுமே அத்தகைய மௌனம் பிறக்கும். அதை முதலில் கலைப்பவர் தீர்ப்பைச் சொல்லாமல் ஒரு கேள்வியைக் கேட்பாராக.