நேர்த்தியும் கடனும்: கிறிஸ்தவ நேர்ச்சை பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

இறைவனுக்குக் கொடுத்த வாக்கைக் காத்தல் பற்றிய போதனைகள் தமிழ்க் கிறிஸ்தவ உரைநடையில் கணிசமான இடத்தைப் பெற்றுள்ளன. அவற்றுட் பல ஒரே முடிவையே வற்புறுத்துவன: நேர்ந்தது எதுவாயினும் செலுத்தப்படல் வேண்டும். யார் நேர்ந்தார், எந்நிலையில் நேர்ந்தார், யாருடைய உழைப்பிலிருந்து அது செலுத்தப்படுகிறது என்னும் வினாக்கள் அங்கு அரிதாகவே எழுகின்றன. இவ்வினாக்களை ஒதுக்கிவிட்டு நேர்ச்சையின் அறத்தை மதிப்பிட முடியாது என்பது நமது கருத்தாகும். சப்பிரகமுவைத் தோட்டங்களை, சிறப்பாகப் பெல்மதுளைச் சூழலை, மனத்திற் கொண்டு இதனை ஆராய்வோம்.

முதலில் சொற்களை நோக்குவோம். விவிலியத் தமிழில் இது 'பொருத்தனை' எனப்படும். இரு தரப்பாரின் உடன்பாட்டை அச்சொல் நினைவூட்டுகிறது. கத்தோலிக்கர் 'நேர்ச்சை' என்பர். சைவரும் கத்தோலிக்கரும் ஒருங்கே வழங்குவது 'நேர்த்திக்கடன்'. இங்கே 'கடன்' என்பது கடமையையும் குறிக்கும். திருப்பிக் கொடுக்க வேண்டிய பொருளையும் குறிக்கும். தோட்டத் தொழிலாளரின் வரலாற்றில் இவ்விரண்டாம் பொருளே வலுப்பெற்றிருந்தது. கங்காணி முற்பணம் கொடுத்து ஆள் திரட்டினான்; பற்றைத் தீர்க்காதவன் தோட்டத்தை விட்டு வெளியேற இயலவில்லை. தொழிலாளியின் கடன் தொகையைப் பொறித்த 'துண்டு' என்ற சீட்டே அவனை ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்திற்குக் கைமாற்றியது. அம்முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1921 இலேயே. கடன் என்ற சொல்லைக் கேட்டதும் அடிமைப்பிடியை உணர்ந்த மக்களிடம், இறைவனையும் ஒரு கடன்காரராகவே காட்டும் போதனை எத்தகைய அச்சத்தை வளர்த்திருக்கும் என்பதை ஊகித்தல் கடினமன்று.

பெல்மதுளை இரத்தினபுரி மாவட்டத்தில் உள்ளது. தேயிலையும் இறப்பரும் அயலிலே மாணிக்கக் குழிகளும் கொண்ட பிரதேசம் அது. சிவனொளிபாத யாத்திரைக் காலம் முடிந்ததும் சமன் தெய்வத்தின் திருவுருவம் பெல்மதுளைக் கல்பொத்தாவல விகாரைக்கே கொண்டுவரப்படுகிறது. அடுத்த பருவம் தொடங்கும்போது அங்கிருந்தே மலையேறுகிறது. எனவே பௌத்தரும் சைவரும் கிறிஸ்தவரும் நேர்ந்துகொள்ளும் வழக்கம் உள்ள மண் இது. இங்குள்ள இறப்பர்த் தோட்டத்தில் மழை பெய்தால் பால்வெட்டு இல்லை. பால்வெட்டு இல்லையேல் பேரும் இல்லை. கூலி இவ்வாறு வானத்தை நம்பியிருக்கையில், லயத்துப் பெண் ஒருத்தி அந்தோனியாருக்கு மெழுகுதிரி நேர்வதை வெறும் மூடநம்பிக்கை என ஒதுக்குவது கொச்சைப் பொருள்முதல்வாதமாகும். சமயத்தில் மனிதத் துயரின் வெளிப்பாட்டையும் அத்துயருக்கெதிரான மறுப்பையும் மார்க்ஸ் ஒருங்கே கண்டார் என்பதை நாம் மறத்தலாகாது. அப்பெண்ணின் நேர்ச்சை, தன் வாழ்வைத் தீர்மானிக்கும் ஆற்றல்கள் தன் கையில் இல்லை என்பதன் ஒப்புதலாகும்.

விவிலியமும் இதனை ஒரே குரலில் பேசுவதில்லை. லேவியராகமம் 27 ஆம் அதிகாரத்தில் நேர்ந்துகொள்ளப்பட்ட ஆட்களுக்கு விலை குறிக்கப்படுகிறது: 20 முதல் 60 வயது வரையுள்ள ஆணுக்கு 50 சேக்கல், பெண்ணுக்கு 30. உழைப்பாற்றலே இங்கு அளவுகோல் எனக் கொள்ளத்தகும். ஆயினும் அவ்வளவு கொடுக்க இயலாத வறியவனுக்கு அவனது சக்திக்கேற்ப மதிப்பிடும்படி அதே அதிகாரம் விதிக்கிறது. எண்ணாகமம் 30 ஆம் அதிகாரமோ மகளின் பொருத்தனையைத் தந்தையும், மனைவியின் பொருத்தனையைக் கணவனும் தள்ளிவிடலாம் என்கிறது. பெண்ணின் வாக்கு அவளுக்கே உரியதாக இருக்கவில்லை.

இவற்றின் உச்சம் நியாயாதிபதிகள் 11 ஆம் அதிகாரத்தில் வரும் யெப்தாவின் கதை. வெற்றிக்காக நேர்ந்தவன் தளபதி; அதற்கு விலையானவளோ அவனது மகள். அவளுக்குக் கதையில் பெயர்கூட இல்லை. வாக்குத் தவறாமைக்கு எடுத்துக்காட்டாக மட்டும் இதனைப் படிப்போர் யெப்தாவின் துயரத்தோடு நின்றுவிடுகின்றனர். கதையோ இஸ்ரவேல் பெண்கள் ஆண்டுதோறும் நான்கு நாள் அவளை நினைந்து புலம்பியதைக் கூறியே முடிகிறது. அப்புலம்பலே கதையின் திறனாய்வு என்போம். மாற்கு 7 ஆம் அதிகாரத்தில் இயேசு 'கொர்பான்' வழக்கத்தைக் கண்டித்தமையும் இவ்வழியிலானதே. பெற்றோருக்கு உதவ வேண்டிய பொருளை இறைவனுக்கு அர்ப்பணித்ததாகக் கூறித் தப்பிக்கொள்வதை அவர் ஏற்கவில்லை. மனிதருக்குரிய கடனை மறுக்கும் நேர்ச்சை இறைவனுக்கும் உரியதாகாது.

இவ்வளவுகோலை நமது நாட்டு வரலாற்றிலும் வைத்துப் பார்க்கலாம். இரண்டாம் உலகப் போரின்போது, 1940 இல், கொழும்புப் பேராயர் மசோன் ஒரு நேர்ச்சை செய்தார்: போரழிவிலிருந்து நாடு தப்பினால் மாதாவுக்குப் பேராலயம் எழுப்பப்படும். ராகமைக்கு அண்மையில் தேவத்தையில் எழுந்த இலங்கை மாதா பேராலயம் 1974 இல் அபிஷேகம் செய்யப்பட்டது. நாட்டின் பெயரால் நேர்ந்தது முப்பத்து நான்கு ஆண்டுகளில் நிறைவேறியது. அதில் குறை காண நமக்கு எதுவுமில்லை. ஆனால் அதே இடைவெளியில் அந்நாட்டுக்கு உழைத்த மலையக மக்கள் 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமையை இழந்தனர். 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் எண்ணிக்கைகளாகப் பங்கிடப்பட்டனர். 1973–74 உணவுப் பஞ்சத்தில் தோட்டங்களில் இறப்புவீதம் உயர்ந்தது. நாடற்றோர் பிரச்சினைக்குச் சட்டத் தீர்வு 2003 வரை முழுமை பெறவில்லை. 'நாடு காக்கப்பட்டது' என்று நன்றி செலுத்தியபோது, அந்த நாட்டினுள் லயங்கள் அடங்கினவா என்ற வினாவை நாம் தவிர்க்க முடியாது.

இவ்வினாவுக்குக் கிறிஸ்தவத்துக்குள்ளிருந்தே விடை தேடியவர்களும் உளர். யேசுசபைத் துறவி போல் காஸ்பர்ஸ் 1972 இல் கண்டியில் சத்தியோதயத்தை நிறுவி, 2017 இல் மறையும்வரை தோட்ட மக்களின் உரிமைக்காக உழைத்தார். வறுமை, கற்பு, கீழ்ப்படிதல் என்பன துறவியரின் வார்த்தைப்பாடுகள். வறியோரின் பக்கம் நிற்றலே வறுமை வார்த்தைப்பாட்டின் உள்ளீடு என்பதை அவர் வாழ்வு காட்டியது.

எனவே நேர்ச்சையைக் காத்தல் நல்லதா என்ற பொது வினா நமக்குப் போதாது. கொடுத்தவனே செலுத்துகிறானா, இல்லை வாயற்ற ஒருத்தி செலுத்துகிறாளா என்று கேட்டல் வேண்டும். பெல்மதுளைப் பெண் தன் மெழுகுதிரியைத் தவறாது ஏற்றிவிடுகிறாள். அவளுக்கு நிலமும் வீடும் நியாயமான கூலியும் தருவதாக வாக்களித்தோரின் கடனே இன்னும் நிலுவையில் உள்ளது. நேர்ச்சையைப் பற்றிப் போதிப்போர் முதலில் அக்கடனைப் பற்றிப் பேசட்டும்.