எவர் திறந்த கதவு? – மலையகத்தில் கிறிஸ்தவத் தொண்டு பற்றியதொரு மதிப்பீடு

பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தினூடே செல்லும் வீதிக்குக் கலஹா வீதி என்று பெயர். வளாகத்தைக் கடந்து மலையேறும் அவ்வீதி கலஹாவையும் அதற்கப்பால் தெல்தோட்டையையும் சென்றடைகின்றது. இம்மலைப் பகுதியைச் சேர்ந்த லூல்கந்துரத் தோட்டத்திலேயே 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலையை வர்த்தகப் பயிராக நட்டார். அதற்கு முன்னரே, கோப்பிக் காலத்தில், தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர் இம்மலைகளிற் குடியேற்றப்பட்டிருந்தனர். தோட்டத்துரையும் தொழிலாளியும் வாழ்ந்த அத்தோட்டங்களுக்குள் மூன்றாமவர் ஒருவரும் நடந்து சென்றார். அவர் உபதேசியார்.

மலையகத்திற் கிறிஸ்தவ சபைகள் ஆற்றிய தொண்டினை மதிப்பிட முற்படுவோர் பெரும்பாலும் இரு துருவங்களில் நின்றே பேசுகின்றனர். ஒரு சாரார் அதனைத் தன்னலமற்ற அன்பின் வெளிப்பாடு எனக் கொண்டாடுவர். மறு சாரார் அதனை ஏகாதிபத்தியத்தின் கைக்கருவி எனக் கூறி ஒதுக்குவர். முதற் கூற்று தொண்டரின் உள்ளத்தை மட்டுமே நோக்குகின்றது. இரண்டாவது கூற்று தொண்டர் எந்த ஆட்சியின் கீழ் வந்தார் என்பதை மட்டுமே நோக்குகின்றது. தொண்டு பெற்றவரின் நிலை யாது என்ற வினா இரண்டிலும் விடுபட்டுப் போகின்றது. அவ்வினாவுக்கு விடை காண்பதற்கு, தோட்டத்தின் கதவை எவர் திறந்தார் என்பதிலிருந்து ஆராய்ச்சியைத் தொடங்குதல் பொருந்தும்.

1850களின் நடுப்பகுதியில், கண்டியை மையமாகக் கொண்டு, இங்கிலாந்துத் திருச்சபையைச் சார்ந்த சர்ச் மிஷனரிச் சங்கத்தின் ஆதரவில் 'தமிழ்க் கூலி மிஷன்' தோற்றம் பெற்றது. திருநெல்வேலிச் சபைகளிலிருந்து தமிழ் உபதேசியார்கள் வரவழைக்கப்பட்டனர். அவர்களைப் பேணுவதற்கான செலவிலே தோட்டத்துரைமாரின் நன்கொடைக்குக் கணிசமான பங்கு இருந்தது. உபதேசியார்கள் தோட்டந்தோட்டமாக நடந்து, பிரட்டுக்களத்திலும் லயத்து வாசலிலும் தொழிலாளரைச் சந்தித்தனர். வேதம் உரைத்ததோடு எழுத்தும் கற்பித்தனர். சட்டம் தோட்டப் பாடசாலைகளை வற்புறுத்துவதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்னரே, லயத்துப் பிள்ளை ஒன்று 'அ' எழுதக் கற்றதெனில் அது அத்தகைய ஒருவரின் கையைப் பற்றியே நிகழ்ந்திருக்கக்கூடும். இச்சேவையைச் சிறுமைப்படுத்துவது நேர்மையாகாது.

ஆயினும் அம்மிஷனின் பெயரே உற்றுநோக்கத்தக்கது. 1816 முதல் யாழ்ப்பாணத்திற் பணியாற்றிய அமெரிக்க மிஷன் தான் நாடிச் சென்ற மக்களை அவர்தம் தொழிலால் அழைக்கவில்லை. மலையகத்திலோ மக்கள் 'தமிழர்' என்பதோடு 'கூலிகள்' என்றும் பெயரிடப்பட்டனர். தோட்டக் கணக்கேட்டில் வழங்கிய சொல் அப்படியே திருப்பணியின் பெயரிலும் புகுந்தது. மொழிவழக்கு அக்காலத்தது என்று இதற்கு விடை கூறலாம். அவ்விடை உண்மையே, ஆயினும் முழு உண்மை அன்று. தோட்டம் மனிதனை எவ்வாறு வகுத்ததோ அவ்வாறே மிஷனும் அவனை ஏற்றுக்கொண்டது என்பதற்கு அப்பெயர் சான்றாகின்றது.

உபதேசியாருக்குத் தோட்டத்தின் கதவு திறந்தது துரையின் இசைவினால். அதே காலத்திற் தொழிலாளியின் நிலை யாதாக இருந்தது? அவன் பெற்ற முற்பணமும் அதன் மேல் ஏறிய கடனும் 'துண்டு' எனும் சீட்டில் எழுதப்பட்டன. துண்டின்றி அவன் ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றிற் சேர இயலாது. அம்முறை சட்டத்தினால் நீக்கப்பட்டது 1921இலேயே. ஆகவே, ஒரே மலைப்பாதையில் உபதேசியார் தோட்டம் விட்டுத் தோட்டம் தடையின்றி நடந்தார்; அவருடைய சொற்களைக் கேட்டவனோ கடனால் கட்டுண்டு நின்றான். ஆறுதல் கூறுவதற்கு இசைவு இருந்தது. அவ்வாறுதல் ஏன் தேவைப்பட்டது என்று கேட்பதற்கு இசைவு இருக்கவில்லை.

இவ்வெல்லை எத்துணைக் கடுமையானது என்பதைப் பிற்கால நிகழ்ச்சிகள் புலப்படுத்துகின்றன. தொழிலாளரை அமைப்பாகத் திரட்ட முயன்ற கோ. நடேசய்யர், துணி வணிகரைப் போல வேடம் பூண்டு தோட்டங்களுக்குள் நுழைந்தார் என்று கூறுவர். 1937இல் அவுஸ்திரேலிய இளைஞரான பிரேஸ்கேர்டில், தோட்டத்தொழில் பயில வந்தவர், நாவலப்பிட்டியிற் தொழிலாளர் சார்பாக மேடையேறியபோது தேசாதிபதி அவரை நாடு கடத்தக் கட்டளையிட்டார். உயர்நீதிமன்றம் அக்கட்டளையைச் செல்லாததாக்கியது. ஆறுதலோடு வந்தவருக்குத் திறந்த கதவு, உரிமையோடு வந்தவருக்கு மூடப்பட்டது. துரையின் இசைவு தொண்டினை அனுமதித்தது மட்டுமன்றி, தொண்டு எதுவாக இருக்கலாம் என்பதனையும் வரையறுத்தது.

இவ்விடத்து யாழ்ப்பாணத்தை ஒப்புநோக்குதல் பயன் தரும். அங்கும் மிஷனரிமார் அன்னிய ஆட்சியின் நிழலிலேயே பணியாற்றினர். அவர்களும் பாடசாலை அமைத்தனர், அச்சுக்கூடம் நிறுவினர், மருத்துவம் பார்த்தனர். மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீன் ஆங்கில மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்தார். ஆயின் அவர்கள் சந்தித்தது, நிலமும் ஏடும் கோயிலும் உடையதொரு சமூகத்தை. அச்சமூகம் அவர்களுக்கு மறுமொழி கூறியது. வேதாகமத் தமிழாக்கத்தில் பீற்றர் பேர்சிவல் பாதிரியாருக்குத் துணைநின்ற ஆறுமுக நாவலரே, 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கி, மிஷனரிமாரின் முறைகளைக் கொண்டே அவர்களை எதிர்கொண்டார். அவ்வெதிர்ப்பினாற் தமிழ் உரைநடையும் கல்வியும் வளம் பெற்றன. மிஷனும் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

மலையகத்தில் அக்காலத்தில் ஒரு நாவலர் தோன்றாமை அங்குள்ள மக்களின் அறிவுக் குறைவினால் அன்று. விடியற்காலைப் பிரட்டுக்கும் மாலை நிறுவைக்கும் இடையே கழிந்த வாழ்வில், சொந்த நிலமும் ஓய்வும் இன்றி, கங்காணியின் பேரேட்டில் கடனாளியாக வாழ்ந்தவனுக்கு மறுமொழி கூறுவதற்கான மேடை கிடைக்கவில்லை. யாழ்ப்பாணத்திலே தொண்டு விவாதிக்கப்பட்டது; மலையகத்திலே பெறப்பட்டது. மறுத்துரைக்க இயலாதவனுக்குச் செய்யப்படும் நன்மை எத்துணை உயர்ந்த நோக்குடையதாயினும், அதன் குறைகளை அது தானே அறிந்துகொள்ளும் வழி அடைபட்டு விடுகின்றது.

வேறு வழியே இருந்ததில்லை என்று கூறி இக்குறையைக் காலத்தின் மீது சுமத்திவிட முடியாது. இந்தியாவுக்கு மிஷன் பணியாளராக வந்த சி. எவ். அன்ட்ரூஸ், 1915இல் பியர்சனுடன் பீஜித் தீவுக்குச் சென்றார். அங்கு ஒப்பந்தக் கூலிகளின் இன்னல்களைக் கண்டதோடு அமையாது, இன்னலின் வேர் ஒப்பந்தமே என்பதனை எடுத்துக்காட்டி அறிக்கை வெளியிட்டார். இந்தியாவில் எழுந்த கண்டனக் குரலுக்கு அவ்வறிக்கை வலுவூட்டியது. 1917இல் ஒப்பந்தக் கூலி ஏற்றுமதி நிறுத்தப்பட்டது. 1920ஆம் ஆண்டின் முதல்நாளில் பீஜியில் எஞ்சியிருந்த ஒப்பந்தங்கள் நீக்கப்பட்டன. அன்ட்ரூஸின் சமய நம்பிக்கை உபதேசியாரின் நம்பிக்கையினின்றும் வேறானதன்று. அவர் எவருடைய இசைவுக்கும் கட்டுப்படாது சென்றார் என்பதே வேறுபாடு.

சுதந்திரத்தின் பின் மலையகத் தமிழரின் அவலம் புதிய வடிவம் எடுத்தது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் தந்தையின் பிறப்புக்கு அல்லது பாட்டன், பூட்டன் ஆகியோரின் பிறப்புக்குச் சான்று வேண்டியது. லயத்திற் பிறந்து லயத்தில் மாண்டவரிற் பெரும்பாலோர் அச்சான்றினை எங்ஙனம் காட்டுவர்? 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, 1,50,000 பேரைப் பின்னர் தீர்மானிப்பதற்கென விட்டது. மக்களை எண்ணாகக் கணக்கிட்ட அவ்வொப்பந்தத்தின் முன், அறச்சாலையும் ஆராதனையும் மட்டும் போதுமான தொண்டாக இருக்க முடியாது என்பது வெளிப்படையாயிற்று.

இந்நிலையில், 1972இற் கண்டியில் இயேசு சபைத் துறவி போல் கஸ்பேர்ஸ் சத்தியோதய நிலையத்தைத் தொடங்கினார். 1974இற் பெருந்தோட்டப் பகுதிகளுக்கான இணைப்புச் செயலகம் உருவாகியது. அது தோட்டங்களிற் பட்டினி தலைவிரித்தாடிய காலம்; 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையான காலம். சிங்களவரும் தமிழரும் சேர்ந்து பணியாற்றிய இம்முயற்சி, நிவாரணத்தோடு நில்லாது, கூலி, வதிவிடம், பிரசாவுரிமை ஆகியவற்றைப் பேசுபொருளாக்கியது. தோட்டத்துரை இசைந்தாரா என்ற கேள்வி இங்கு முதன்மை பெறவில்லை. மதமாற்றம் இதன் இலக்காகவும் இருக்கவில்லை. நூற்றாண்டுக்கு மேற்பட்ட மலையகக் கிறிஸ்தவத் தொண்டின் வரலாற்றில் இதனைத் திசைமாற்றம் எனக் கொள்ளல் தகும்.

எனினும் இதனையும் விமர்சனமின்றி ஏற்பதற்கில்லை. கஸ்பேர்ஸின் எழுத்துக்கள் பெரிதும் ஆங்கிலத்தில் அமைந்தவை. கொழும்பிலும் மேலைநாடுகளிலும் உள்ளோரின் மனச்சாட்சியைத் தொடுவதற்கு அம்மொழி வேண்டியிருந்தது என்பது உண்மை. ஆயின், எவரைப் பற்றி அவை எழுதப்பட்டனவோ அவர்தம் லயத்தில் அவற்றைப் படித்து, 'இது பிழை' என்றோ 'இது போதாது' என்றோ கூறுவதற்கு வாய்ப்பு அரிதாகவே இருந்தது. மலையக மக்கள் தம்மைத் தாமே எழுதிய சி. வி. வேலுப்பிள்ளை போன்றோரின் படைப்புக்களோடு ஒப்பிடுங்கால் இவ்வேறுபாடு தெளிவாகும். மடக்கும்புரத் தோட்டத்திற் பிறந்த வேலுப்பிள்ளையும் ஆங்கிலத்தில் எழுதியவரே. ஆனால் அவர் எழுத்திலே தொழிலாளி இரக்கத்துக்குரிய பொருளாக நிற்பதில்லை. பாடவும் சினக்கவும் வல்ல மனிதனாக வருகின்றான்.

2003இல் இயற்றப்பட்ட சட்டம் எஞ்சியிருந்தோருக்கும் பிரசாவுரிமை வழங்கியது. சட்டத்தின் கதவு திறந்துவிட்டது. லயங்களோ பல தோட்டங்களில் இன்றும் அப்படியே உள்ளன. வெளிநாடுகளிலிருந்து சபைகளைச் சார்ந்த தொண்டர் குழுக்கள் சில வார காலத்துக்கு வந்து, முன்பள்ளிச் சுவருக்கு வர்ணம் பூசி, உடையும் மருந்தும் வழங்கி, புகைப்படங்களோடு மீளும் வழக்கம் உலகின் வறிய பகுதிகள் பலவற்றிலும் பரவியுள்ளது. வர்ணம் பூசிய சுவர் பிள்ளைகளுக்கு மகிழ்ச்சி தரும். மருந்து நோயாளிக்கு உதவும். அவற்றை வேண்டாமென்பார் இல்லை. ஆயினும் குழுவின் வருகைக்கு இசைவு வழங்குவது தோட்ட நிர்வாகம். பணியைத் தீர்மானிப்பது வருகின்ற சபை. அறிக்கையைப் படிப்பது தொலைவிலுள்ள நன்கொடையாளர். இம்மூவருள் லயத்தில் வாழ்பவர் எவருமிலர். 1850களில் தொடங்கிய அமைப்பு, அன்பின் ஆடையை மாற்றி, அவ்வண்ணமே நீடிக்கின்றது.

இக்குறை கிறிஸ்தவத் தொண்டுக்கு மட்டும் உரியதென எண்ணுதல் தவறு. சைவ மன்றங்களும் நகரத்துச் சேவைச் சங்கங்களும், சிரமதானத்துக்கெனக் கலஹா வீதி வழியே மலையேறும் பல்கலைக்கழக மாணவரும் இதே சோதனைக்கு உட்பட்டவரே. அரிசி மூட்டையோடு செல்லும் மாணவன் தோட்ட உத்தியோகத்தரிடம் இசைவு பெறுகின்றான். லயத்து மக்களிடம் அதனைக் கேட்கின்றானா? எதைக் கொண்டுவர வேண்டுமென்று அவர்களிடம் முன்னரே வினாவுகின்றானா? 'இது வேண்டா, வேறொன்று வேண்டும்' என அவர்கள் கூறின், அதைச் செவிமடுக்க அவனுக்குப் பொறுமை உண்டா?

தொண்டினை மதிப்பிடுவதற்கு வழங்கிய பொருளின் அளவோ வழங்கியவரின் தூய்மையோ போதிய அளவுகோல் ஆகா. பெறுபவர் அதனை மறுக்கவும் திருத்தவும் கேள்வி கேட்கவும் வல்லவராயினரா என்பதே உரிய அளவுகோலாகும். அவ்வளவுகோலால் நோக்கின், எழுத்தறிவித்த உபதேசியார் தாம் அறியாமலே தம் தொண்டின் எல்லையைக் கடந்தவராகின்றார். அவர் கற்பித்த எழுத்து ஒரு நாள் துரைக்கு விண்ணப்பமாகவும், சங்கத்தின் துண்டுப்பிரசுரமாகவும் மாறக்கூடியது. அவர் கூறிய ஆறுதல் அவரோடு போயிற்று. அவர் கற்பித்த எழுத்து லயத்திலேயே தங்கியது. இனி மலையேறுவோர் எதனைக் கொண்டு செல்வது என்று ஆராயுங்கால், இவ்வேறுபாட்டினை மனங்கொள்ளுதல் நன்று.