துடைப்பம் ஏந்திய புனிதர்

புனித மார்ட்டின் தெ போரஸ் நமக்குப் புதியவர் அல்லர். கையில் துடைப்பம், காலடியில் ஒரே தட்டில் உண்ணும் நாயும் பூனையும் எலியும். நவம்பர் 3-ஆம் நாள் அவரது தாழ்ச்சியைப் பிள்ளைகளுக்குப் போதிக்கிறோம். ஆயினும், நாம் அவரது வரலாற்றைச் சொல்லும் முறையில் ஒரு பெருங்குறை உண்டு. அவர் கையில் துடைப்பம் வந்தது எப்படி என்பதை நாம் சொல்வதில்லை.

1579-இல் பெரு நாட்டின் லீமா நகரில் பிறந்தார். தந்தை இஸ்பானிய உயர்குடியினர். தாய் அடிமைத்தளையினின்று விடுபட்ட கறுப்பினப் பெண். தாயின் நிறத்தைக் கொண்டு பிறந்த மகனைத் தந்தை முதலில் ஏற்கவில்லை. ஆப்பிரிக்க வழித்தோன்றல்கள் துறவற சபைகளில் முழு உறுப்பினராவதை அன்றைய சட்டம் தடுத்தது. எனவே ஏறத்தாழ 15 வயதில் சாமிநாதர் சபை மடத்தை நாடியவர், ஊழியராகவே சேர்க்கப்பட்டார். 1603-இல்தான் துறவற வார்த்தைப்பாடு அளிக்க அவருக்கு வழி பிறந்தது. 1639-இல் இறந்தவரைத் திருத்தந்தை 23-ஆம் யோவான் புனிதராக அறிவித்தது 1962-இல்.

மார்ட்டின் அன்போடு ஏற்ற பணிவு உண்மையானது. நோயுற்ற அடிமையையும் சீமானையும் அவர் ஒரே பரிவுடன் பேணினார். ஆனால் தாழ்ச்சி வேறு, தாழ்த்தப்படுதல் வேறு. முன்னது அவரது புண்ணியம். பின்னது அவரைச் சூழ்ந்திருந்த கிறிஸ்தவர்களின் பாவம். இரண்டையும் ஒன்றாகக் கலந்து சொல்லும்போது, அவமதிப்பைச் சகிப்பதே அறம் என்று எளியவர் வீட்டுப் பிள்ளை கற்கிறது. அவமதித்தவரின் வீட்டுப் பிள்ளையோ எதையும் கற்பதில்லை.

ஆகவே மறைக்கல்வி ஆசிரியர்களும் பெற்றோரும் கதையை முழுமையாகச் சொல்லட்டும். 'இவரை ஏன் முதலிலேயே துறவியாக ஏற்கவில்லை?' என்று இளையோரையே கேட்கட்டும். மோசேயின் கூசிய மனைவியை முன்னிட்டு மிரியாம் முறுமுறுத்ததைக் கூறும் எண்ணிக்கை நூலின் 12-ஆம் அதிகாரத்தையும் சேர்த்து வாசிக்கட்டும்.

அப்போது பிள்ளைகள் லீமாவோடு நிற்கமாட்டார்கள். திருமண விளம்பரத்தில் 'சிவந்த நிறம்' எதற்கு என்று கேட்பார்கள். கல்லறைத் தோட்டத்தின் நடுவே சுவர் எதற்கு என்றும் கேட்பார்கள். 'அதெல்லாம் அந்தக் காலம்' என்று வாயடைக்க நம்மால் இயலாது. திரு அவைக்குள் தலித் மக்கள்மீது பாகுபாடு நிலவுவதை இந்திய ஆயர் பேரவையே 2016-இல் வெளியிட்ட கொள்கை ஆவணத்தில் ஒப்புக்கொண்டுள்ளது.

அக்கேள்விகளுக்கு நம்மிடம் ஆயத்தமான விடை இல்லாமல் போகலாம். அதையும் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்வோம். உரையாடல் அங்கிருந்து தொடங்கட்டும்.