மூன்றரை லிட்டர் சுயசார்பு

வீட்டு வாசலிலேயே காருக்கு ஆயில் மாற்றுகிறவரிடம் காரணம் கேட்டால் முதலில் காசைத்தான் சொல்வார். இருக்கிற காரணங்களில் நோஞ்சான் அதுதான். ஆயிலையும் ஃபில்டரையும் யார் மாற்றினாலும் விலை கொடுத்து வாங்கியே ஆகவேண்டும். மிச்சமாவது கூலி மட்டும். சர்வீஸ் சென்டர் பில்லை வீங்கவைப்பது அந்தக் கூலி அல்ல, எஞ்சின் ஃப்ளஷ், த்ராட்டில் கிளீனிங், ஆடிட்டிவ் என்று கூடவே ஒட்டிக்கொள்ளும் உருப்படிகள். அவற்றை வேண்டாம் என்று சொல்ல ஸ்பேனர் எதற்கு, வாய் போதும். ஜாக்கி, இரண்டு ஸ்டாண்டு, வடிதட்டு, ஃபில்டர் ரெஞ்ச் என்று வாங்கிப் போட்ட பணம், வருஷத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றுகிறவருக்கு அவ்வளவு சீக்கிரம் திரும்பாது.

உண்மையான லாபம் வேறு: எஞ்சினுக்குள் என்ன போனது என்று தெரிந்திருப்பது. வொர்க்‌ஷாப்பில் ஆயில் பீப்பாயிலிருந்து குழாய் வழியாக வருகிறது. நீங்கள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டீ குடித்துக்கொண்டிருக்கிறீர்கள். பீப்பாயில் இருந்தது எந்த ஆயில், ஃபில்டர் நிஜமாகவே மாறியதா, வடிகால் போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டார்களா என்பதற்கெல்லாம் பில்லைத் தவிர சாட்சி கிடையாது. பெரும்பாலானவர்கள் ஒழுங்காகத்தான் செய்கிறார்கள். ஆனால் ஏமாற்று நடந்தால் அது தெரியவர ஐம்பதாயிரம் கிலோமீட்டர் ஆகலாம், அப்போது யாரைப் போய்க் கேட்பது? சீல் உடைக்காத டப்பாவைத் தானே திறந்து ஊற்றுகிறவருக்கு இந்தச் சந்தேகம் இல்லை. டப்பாவே போலியாக இருந்தால் ஒழிய. காலி டப்பாக்கள் காயலான் கடை வழியாகப் போலி ஆயில் அடைக்கிறவர்கள் கைக்குப் போய்ச் சேரும் வியாபாரம் பழையது. ஊற்றி முடித்ததும் டப்பாவில் ஆணியால் ஓட்டை போடுகிறவர்களைக் கஞ்சர்கள் என்று நினைத்துவிட வேண்டாம்.

வேலை கடினமானதில்லை. எஞ்சினைக் கொஞ்சம் சூடாக்கி, காரைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, 14 அல்லது 17 எம்எம் ஸ்பேனரால் போல்ட்டைக் கழற்றி வடியவிட வேண்டும். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, புதிதின் வளையத்தில் துளி ஆயில் தடவி, அது எஞ்சினைத் தொட்டபின் கையால் முக்கால் சுற்று முறுக்க வேண்டும். போல்ட்டைத் திரும்ப மாட்டி, அளவு பார்த்து ஊற்றி டிப் ஸ்டிக்கைச் சரிபார்த்தால் முடிந்தது. சொதப்புவது இரண்டு இடங்களில். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் புகுவது ஒன்று. அதற்கு இரண்டாம் வாய்ப்பு இல்லை. மற்றது ‘கசிந்துவிடுமோ’ என்ற பயத்தில் போல்ட்டுக்குக் கொடுக்கும் கூடுதல் அழுத்து. இன்றைய கார்கள் பலவற்றில் ஆயில் சம்ப் அலுமினியம். எஃகு போல்ட் அதன் மரையைத் தின்றுவிடும். இந்தக் குற்றத்தில் ஏர் கன்னால் இறுக்கும் வொர்க்‌ஷாப் பையன்களும் கூட்டாளிகள்தான் என்பதால், வீட்டில் செய்கிறவரை மட்டும் பழிக்க முடியாது.

கை வேலையில் இவ்வளவு கவனம் காட்டுகிறவர்கள், எந்த ஆயில் என்ற கேள்விக்கு வந்ததும் கேள்விஞானத்திடம் சரணடைந்துவிடுகிறார்கள். ‘நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் சார் தாங்கும்’ என்பது அதில் தலையாயது. கம்பெனி 0டபிள்யூ-20 சொல்லியிருக்கும்; கடைக்காரர் 20டபிள்யூ-50 எடுத்துக் கொடுப்பார்; வாங்குகிறவரும் ஒரு திருப்தியோடு வாங்கிப் போவார்.

முதல் எண், டபிள்யூ எழுத்தோடு, கடுங்குளிரில் ஆயில் எவ்வளவு இளகி ஓடும் என்பதற்கானது. 5டபிள்யூ மைனஸ் 30 டிகிரியிலும், 15டபிள்யூ மைனஸ் 20-லும் சோதிக்கப்படுகின்றன. ஊட்டிக்கே தேவைப்படாத சோதனை இது. இரண்டாவது எண் 100 டிகிரி செல்சியஸில் உள்ள பிசுபிசுப்பு. வெளியே வேலூர் வெயிலானாலும் கொடைக்கானல் பனியானாலும், நன்றாக ஓடிச் சூடேறிய எஞ்சினில் ஆயில் 100 டிகிரிக்குச் சற்று முன்பின்னாகத்தான் இருக்கும். தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டரும் அதற்காகத்தான் இருக்கின்றன. ஆக, ஊர் வெயிலை வைத்து ஆயிலின் கெட்டியை முடிவுசெய்வதில் பெரிய அர்த்தம் இல்லை. பார்க்க வேண்டியது காலையில் சாவி திருகும் நேரத்தை. 30 டிகிரியில் ஒரு 5டபிள்யூ-30 ஆயில், சூடேறிய நிலையில் இருப்பதைவிட எட்டு ஒன்பது மடங்கு கெட்டியாக இருக்கும். அதே காலையில் 20டபிள்யூ-50 அதைவிடவும் இரு மடங்குக்கு மேல் கெட்டி. புதிய எஞ்சின்களில் வால்வு நேரத்தை மாற்றும் அமைப்பும் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் மெல்லிய துளைகள் வழியாக வரும் ஆயில் அழுத்தத்தால் இயங்குகின்றன. பாகு போன்ற ஆயில் அங்கே போய்ச் சேரும்வரை உலோகத்தோடு உலோகம் உரசும்.

கடைக்காரர் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆயில் மெலிந்துகொண்டே போவதற்கு எஞ்சினின் ஆயுள் மட்டும் காரணமல்ல. எரிபொருள் சிக்கன விதிகளும்தான் காரணம். ஒரே எஞ்சினுக்கு ஒரு நாட்டுக் கையேடு ஒரே கிரேடையும் வேறொரு நாட்டுக் கையேடு நாலைந்து கிரேடையும் அனுமதிப்பது உண்டு. இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடி ஆயில் குடிக்கத் தொடங்கிய பழைய பெட்ரோல் எஞ்சினுக்கு, கையேடு அனுமதிக்கும் வரம்புக்குள் ஒரு படி கெட்டியான ஆயில் போடுவது புத்திசாலித்தனம்தான். அது அந்த எஞ்சினின் தேய்மானத்துக்குச் சொல்லும் பதில்.

கிரேடைவிட அதிகம் கவனிக்க வேண்டியது டப்பாவின் பின்பக்கம், பொடி எழுத்தில். அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பான ஏபிஐயின் தர வரிசையில் எஸ் பெட்ரோலுக்கு, சி டீசலுக்கு. 2020-இல் வந்த எஸ்பி தரம், நேரடி எரிபொருள் பீச்சு கொண்ட சின்ன டர்போ பெட்ரோல் எஞ்சின்களில் எரிபொருள் நேரத்துக்கு முன்பே பற்றிக்கொண்டு பிஸ்டனை உடைக்கும் கோளாறையும், டைமிங் செயின் தேய்வதையும் கணக்கில் எடுத்து எழுதப்பட்டது. 2001-இன் எஸ்எல் தரம் போட்ட டப்பாக்கள் இன்னும் கடைகளில் கிடைக்கின்றன. அவை பழைய கார்களுக்குப் பொருந்தும், இந்த எஞ்சின்களுக்கு ஆகாது.

டீசலில் தவறு இன்னும் விலையுயர்ந்தது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 மாசு விதிகள் வந்தபின் புதிய டீசல் கார்களின் புகைப்பாதையில் துகள் வடிகட்டி உட்கார்ந்திருக்கிறது. அதில் சேரும் கரியை எஞ்சின் தானே எரித்துவிடும். ஆயிலின் உலோகச் சேர்க்கைகள் விட்டுச்செல்லும் சாம்பலை எதனாலும் எரிக்க முடியாது. அதனால்தான் சாம்பலை 0.8 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தும் ஐரோப்பியக் கார் தயாரிப்பாளர் சங்கமான ஏசிஇஏவின் சி3 போன்ற தரங்கள் இருக்கின்றன. வடிகட்டி இல்லாத பழைய லாரிக்கு ஊற்றும் நல்ல ஆயிலே ஆனாலும் அது இந்த வடிகட்டிக்கு மெல்லக் கொல்லும் விஷம். ‘ஃபுல் சிந்தெடிக்’ என்ற தங்க எழுத்து இங்கே உதவாது. கச்சா எண்ணெயிலிருந்தே கடுமையாகச் சுத்திகரித்த மூன்றாம் வகை அடிப்படை எண்ணெயையும் சிந்தெடிக் என விளம்பரப்படுத்தலாம் என்று 1999-இல் அமெரிக்க விளம்பரத் தணிக்கை அமைப்பு, மொபில் கொடுத்த புகாரில் காஸ்ட்ரால் பக்கம் தீர்ப்புச் சொன்னதிலிருந்து அந்தச் சொல் விற்பனையாளருக்கே சொந்தம். இன்னொன்று: மிஞ்சிய அரை லிட்டரைப் பைக்கில் ஊற்றிவிடுகிறவர்கள் உண்டு. பைக்கில் கிளட்ச் ஆயிலில் மூழ்கியே இருக்கிறது. கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கச் சேர்த்தது அங்கே கிளட்சை வழுக்க வைக்கும்.

நிறத்தைப் பார்த்து ஆயிலை மாற்றுவதும் வீண். டீசலில் ஊற்றிய சில நாளிலேயே அது கறுத்துவிடும். கரியைப் படியவிடாமல் தன்னோடு சுமப்பதுதான் அதன் வேலை. பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம் என்று கையேடு சொன்னால், நெரிசலில் தினமும் ரெண்டு மூணு கிலோமீட்டர் மட்டும் ஓடும் காருக்கு அதைக் குறைக்கலாம். மற்றவர்கள் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

வாரண்டி இருக்கும்வரை இதைத் தொடாமல் இருப்பதே நல்லது. வெளியில் பழுதுபார்த்ததற்காகவே வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்துசெய்யக் கூடாது என்று இந்தியப் போட்டி ஆணையம் 2014-இல் 14 கார் நிறுவனங்களுக்கு 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்த உத்தரவில் சொன்னது. அது மேல்முறையீடுகளுக்குள் போனது ஒருபுறம் இருக்க, அந்தப் பாதுகாப்பு வெளி மெக்கானிக்கை மனதில் வைத்தது; அவரிடமாவது பில் இருக்கும். வாசலில் மாற்றியவரிடம் ஓட்டை போட்ட டப்பாதான் இருக்கும்.

வீட்டில் மாற்றும் பழக்கத்துக்கு எதிரான பலமான வாதம் வடிதட்டில் இருக்கிறது. மூன்றரை லிட்டர் கழிவு ஆயில், தேய்ந்த உலோகத் துகளோடும் எரிந்த எச்சங்களோடும். சட்டப்படி அது அபாயக் கழிவு. 2024 ஏப்ரல் முதல் அதைத் திரும்பப் பெற்று மறுசுத்திகரிப்புக்கு வழிசெய்யும் பொறுப்பு தயாரிப்பாளர்கள் தலையில் வைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் டப்பா விற்ற கடையில் கழிவை நீட்டினால் வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. ஆகவே அது கட்டட வேலைக்காரரிடம் சென்ட்ரிங் பலகைக்குப் பூசப் போகிறது, கரையானுக்கென்று மரச்சட்டத்தில் ஏறுகிறது, மிச்சம் ராத்திரியில் மழைநீர்க் கால்வாயில். எஞ்சினுக்குள் போனது என்ன என்று அவ்வளவு கறாராக விசாரித்தவர், வெளியே வந்தது எங்கே போகிறது என்று கேட்பதில்லை.

எனக்குச் சரியாகப் படுவது நடுவில் இருக்கும் வழி. கையேட்டைப் பார்த்து ஆயிலையும் ஃபில்டரையும் தானே வாங்கிக்கொண்டு தெரிந்த மெக்கானிக்கிடம் போய், சீல் உடைப்பதிலிருந்து டிப் ஸ்டிக் வரை பக்கத்திலேயே நிற்பது. கம்பெனி சர்வீஸ் சென்டர்கள் பல இதற்கு இணங்குவதில்லை. தெருமுனை மெக்கானிக் பெரும்பாலும் இணங்குவார், சில நூறு ரூபாய் கூலிக்கு. வடித்த ஆயில் தன் பீப்பாய்க்கு என்பது அவருடைய ஒரே நிபந்தனை. அதை விலைக்கு எடுக்க அவருக்கு ஆள் இருக்கிறது. அந்த ஆள் அதை மறுசுத்திகரிப்பு ஆலைக்குக் கொண்டுபோகிறாரா, சூளைக்கா என்று அவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.