கூழாங்கல்: யாருடைய நடை?

ஆடி மாதம் சாத்தூர் வழியே இருக்கன்குடிக்குப் பாதயாத்திரையாக வருவோரைக் கண்ட இப்பகுதியினருக்கு வெயில்நடை புதிதன்று. ஆயினும் நேர்ந்துகொண்டு நடப்பது வேறு. விரட்டப்பட்டு நடப்பது வேறு. பி.எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ இரண்டாவதிலிருந்து பிறந்த படம்.

புகுந்த வீட்டிலிருந்து விரட்டப்பட்ட தம் சகோதரி குழந்தையுடன் நெடுந்தொலைவு நடந்து வந்ததே கதையின் கரு என இயக்குநர் கூறியிருக்கிறார். படத்தில் அந்த நடையைக் கணவன்மீது சுமத்துகிறார். தாய்வீடு சென்ற மனைவியை அழைத்துவரக் குடிகாரத் தந்தை மகனைப் பள்ளியிலிருந்து இழுத்துச் செல்கிறான். இருவரும் வறண்ட நிலத்தில் நடந்தே திரும்புகின்றனர்.

பிறர் துயரம் கலைஞனிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைக் குழுவினர் பேணியுள்ளனர். மேலூர்ப் பகுதியின் கரட்டு நிலத்தில், நாடகக் கலைஞர் கருத்தடையானின் சினமும் சிறுவன் செல்லப்பாண்டியின் மௌனமும் நடிப்பென்று தோன்றவில்லை. விக்னேஷ் குமுளை, ஜெய பார்த்திபன் ஆகியோரின் ஒளிப்பதிவு பொறுமையாகப் பின்தொடர்கிறது. இசையமைப்பாளர் யுவன் சங்கர் ராஜா பெரிதும் மௌனத்துக்கே இடம் விடுகிறார். 2021இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவின் ‘டைகர்’ விருது இவ்வடக்கத்துக்குக் கிடைத்த மதிப்பு.

ஒரு வினா மட்டும் எஞ்சுகிறது. யாருக்கு நேர்ந்த அநீதியால் இக்கதை பிறந்ததோ, அந்தப் பெண்ணின் முகம் படத்தில் இல்லை. ஊற்றில் சுரக்கும் நீருக்காகப் பெண்கள் காத்திருக்கும் இறுதிக் காட்சி ஓரளவு விடையளிக்கிறது. ஆண் நடந்தது ஒரு நாள். அவர்களின் காத்திருப்போ அன்றாடம்.