மந்திரசாலையில் ஐம்பது மில்லிமீட்டர்

லென்ஸ் விமர்சனங்களோடு வரும் மாதிரிப் படங்களில் பாதி காபிக் கோப்பையும் பூனையும்தான். வேகமான லென்ஸ் ஒன்றின் குணம் தெரிய வேண்டுமானால் அதைத் தக்கலைக்குப் பக்கத்தில், பத்மநாபபுரம் அரண்மனைக்குக் கொண்டுவர வேண்டும். அங்கே ஆலோசனைக் கூடமான மந்திரசாலையின் மரச்சட்டச் சாளரங்கள் வழியே வெயில் கீற்றுக் கீற்றாக உள்ளே விழும். மற்றபடி கறுத்த மரம், அதைவிடக் கறுத்த தரை. நல்ல பகலிலேயே ஐஎஸ்ஓ 1600, எஃப்/2, நொடியில் அறுபதில் ஒரு பங்கு என்று வைத்தால்தான் ஒரு முகம் தேறும். வெளிச்சமும் இருட்டும் இத்தனை நெருக்கமாக ஒரே ஃப்ரேமுக்குள் வந்து நிற்கும் கட்டடம் குமரி மாவட்டத்தில் எனக்குத் தெரிந்து வேறில்லை.

டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் என்றால் நடைமுறையில் லைக்கா எம் வரிசைதான். 2004இல் எப்சன் ஆர்-டி1 முதலில் வந்தது, கொஞ்ச காலத்தில் ஓய்ந்தது. லைக்காவில் எம்8 சிறிய சென்சார் கொண்டது; அதில் 50 மாட்டினால் 67 போலக் குறுகிவிடும், எனவே அதன் சொந்தக்காரர்கள் 35, 40 பக்கம் போகட்டும். இங்கே பேச்சு 2009இல் வந்த எம்9 முதல் இன்றைய எம்11 வரையிலான முழுச் சட்டகக் கேமராக்களைப் பற்றியது. அவற்றுக்கு எஃப்/2க்கும் வேகமான ஒரு 50 வாங்குவதென்றால் எதை வாங்குவது?

முதலில், எதற்காக வேகம்? ஆன்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் 1950இல் திருவண்ணாமலையில் ரமணரின் கடைசி நாட்களைப் படமெடுத்தார். ஐம்பது மில்லிமீட்டரையே பெரிதும் நம்பி வாழ்ந்த மனிதர் அவர். அவர் காலத்துப் படச்சுருளின் உணர்திறனுக்கு அரை ஸ்டாப் வெளிச்சம்கூடப் பெரிய வரவு. எம்9 வரைக்கும் அந்த நிலை ஓரளவு தொடர்ந்தது; அதன் உச்சம் ஐஎஸ்ஓ 2500, அங்கேயும் இருட்டுப் பகுதிகள் புழுதி பிடித்தாற்போல் ஆகிவிடும். எம்10 வந்தபிறகு 6400இல் எடுத்த படத்தைக் கூசாமல் அச்சுக்குக் கொடுக்கலாம். அதனால் ‘வெளிச்சம் பற்றாது’ என்ற வாதம் எம்9 வைத்திருப்பவருக்குப் பொருந்தும், எம்11 வைத்திருப்பவருக்கு முக்கால்வாசி சாக்குதான். அவர் உண்மையில் வாங்குவது பின்னணியைக் கரைக்கும் மெல்லிய கூர்மையை. அந்த மெல்லிய கூர்மையை ரேஞ்ச்ஃபைண்டரால் கைக்கொள்ள முடியுமா என்பதே என் தராசு.

கணக்கைப் பார்ப்போம். ஒரு மீட்டரில் நிற்கும் ஆளை 50 லென்ஸில் எஃப்/1.4க்கு எடுத்தால், பழைய படச்சுருள் அளவுகோலின்படியே கூர்மையாக விழும் ஆழம் சுமார் 3 சென்டிமீட்டர். எஃப்/0.95க்குத் திறந்தால் 2 சென்டிமீட்டர். இரண்டு மீட்டர் தூரத்தில் எஃப்/1.4 ஏறக்குறைய 13 சென்டிமீட்டர் தரும். அறுபது மெகாபிக்சல் எம்11இல் படத்தை முழு அளவுக்குப் பெருக்கிப் பார்ப்பவருக்கு இந்த எண்கள் இன்னும் சுருங்கும். படச்சுருளில் யாரும் கண்டுகொள்ளாத பிழையைத் திரை காட்டிக்கொடுத்துவிடும். ரேஞ்ச்ஃபைண்டரோ இயந்திரம்: லென்ஸின் பின்பக்க விளிம்பு கேமராவுக்குள் இருக்கும் சிறு உருளையைத் தள்ளும், வியூஃபைண்டர் நடுவே இரட்டையாகத் தெரியும் உருவம் ஒன்றாகும். உருளையில் துளி விலகல் இருந்தாலும், படமெடுப்பவர் மூச்சு விடும்போது முன்னே சாய்ந்தாலும் அந்த 2 சென்டிமீட்டர் போயிற்று.

அரண்மனைக்குள் இன்னும் இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று சாளரக் கிராதி. ஒரே சீரான இடைவெளியில் சட்டங்கள் இருந்தால், இரட்டை உருவத்தில் ஒரு சட்டம் தன் மேலேயே பொருந்துவதற்குப் பதிலாகப் பக்கத்துச் சட்டத்தின் மேல் பொருந்திவிடும். கண்ணுக்கு எல்லாம் சரியாக இருக்கும். கேமராவின் இரண்டு சாளரங்களுக்கும் இடையே சுமார் 69 மில்லிமீட்டர். சட்டங்களின் இடைவெளி 2 சென்டிமீட்டர் என்றால், இரண்டு மீட்டரில் உள்ள கிராதி ஒன்றரை மீட்டரிலும் ‘சேர்ந்து’ காட்டும், 2.8 மீட்டரிலும் காட்டும். அதனால் கிராதியின் ஓர நிலைச்சட்டத்தில்தான் ஃபோகஸ் பிடிக்க வேண்டும். மற்றொன்று தரை. சுண்ணாம்பு, சிரட்டைக்கரி, முட்டை வெண்கரு எல்லாம் சேர்த்துத் தேய்த்தது என்று வழிகாட்டிகள் சொல்லும் அந்தக் கறுப்புத் தரை கண்ணாடியாக மின்னும். அதில் தெரியும் சாளரம் தரையின் தூரத்தில் இல்லை. உங்களிடமிருந்து தரைக்கும் தரையிலிருந்து சாளரத்துக்கும் உள்ள தூரத்தைக் கூட்டினால் வரும் இடத்தில் இருக்கிறது. எஃப்/1.4இல் தரையின் பளபளப்பு, அதற்குள் தெரியும் சாளரம், இரண்டில் ஒன்றுதான் கூர்மையாகும்.

இனி லென்ஸ்கள். லைக்காவின் நாக்டிலக்ஸ் எஃப்/0.95 (2008) பற்றி நீட்ட ஒன்றுமில்லை. எழுநூறு கிராம், ஒரு மீட்டருக்குள் நெருங்காது, வியூஃபைண்டரின் வலது கீழ்மூலையை அடைத்துக்கொள்ளும், கிராதியின் விளிம்பில் ஊதா வரம்பு கட்டும். விலைக்கு நாகர்கோவிலில் ஒரு புதுக் கார் எடுக்கலாம். எலெக்ட்ரானிக் வியூஃபைண்டர் மாட்டினால் ஃபோகஸ் சரியாகிவிடும் என்பார்கள். சரியாகும்தான். ஆனால் அதை மாட்டிய பிறகு ரேஞ்ச்ஃபைண்டர் எதற்கு? ஆட்டோஃபோகஸ் உள்ள ஒரு மிரர்லெஸ்ஸும் எஃப்/1.4 லென்ஸும் அதில் சிறு பங்கு விலைக்கு இதைவிடக் கச்சிதமாக வேலை செய்யும்.

மனதைக் கலைப்பது ஸைஸ் சி சொன்னார் 1.5/50தான். லுட்விக் பெர்டெலே 1930களில் கான்டாக்ஸ் கேமராவுக்காக வரைந்த சொன்னாரின் வாரிசு. மேற்பூச்சு இல்லாத அந்தக் காலத்தில், காற்றைத் தொடும் கண்ணாடிப் பரப்புகளைக் குறைத்து ஒளிச்சிதறலை அடக்கியது பெர்டெலேயின் சாமர்த்தியம். இன்றைய சொன்னாரும் ஆறு கண்ணாடிகளை நான்கு தொகுதிக்குள் அடக்கியதுதான். வெயில் கீற்றுக்கு எதிரே நிறுத்தினாலும் கறுப்பு கறுப்பாகவே நிற்கும். முழுதாகத் திறந்தால் தோலின் மேல் ஒரு மென்மை படரும். அரண்மனையின் வாயில் மண்டபமான பூமுகத்து மரச் செதுக்கலில் அது அழகு. பிழை வேறிடத்தில் இருக்கிறது. அபர்ச்சரைச் சுருக்கச் சுருக்க ஃபோகஸ் பின்னோக்கி நகரும். ஸைஸ் நிறுவனமே இதை ஒப்புக்கொண்டது, தொடக்கத்தில் எஃப்/2.8க்குச் சரியாக வருமாறு அமைத்து விற்றது, கேட்டவர்களுக்கு எஃப்/1.5க்கு மாற்றிக் கொடுத்தது. எஸ்எல்ஆர் வைத்திருப்பவர் லென்ஸின் வழியே பார்ப்பதால் ஓரளவு சுதாரித்துக்கொள்வார். ரேஞ்ச்ஃபைண்டரில் பார்வை லென்ஸின் வழியே போவதே இல்லை. எந்த அபர்ச்சருக்கு எவ்வளவு முன்னேயோ பின்னேயோ சாய வேண்டும் என்று மனக்கணக்குப் போட்டுக்கொண்டே படமெடுக்க வேண்டும். பழகியவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் படங்கள் எனக்குப் பிடிக்கவும் செய்யும். ஆனாலும் ஒரே லென்ஸ் வாங்குபவருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

மறுபக்கம் எஃப்/2காரர்கள். இன்றும் விற்கும் சம்மிக்ரானின் ஒளியியல் வடிவம் 1979இல் வால்டர் மாண்ட்லர் வரைந்தது. சிறியது, கூர்மையானது. ஃப்ரேமுக்குச் சற்று வெளியே வலுவான வெளிச்சம் இருந்தால் நடுவில் வெளிறிவிடும் என்ற பேர் அதற்கு உண்டு. மந்திரசாலை முழுக்க அப்படிப்பட்ட வெளிச்சம்தான். ஸைஸ் பிளானார் எஃப்/2 அந்த வகையில் மேல். எம்10, எம்11 வைத்துக் கட்டடம் மட்டும் எடுப்பவர் பிளானாரோடு நிறுத்திக்கொள்ளலாம், மிச்சப் பணத்தை வீட்டுக்குக் கொடுக்கலாம்.

ஆட்களை எடுப்பவருக்கு எஃப்/1.4, 1.5 தேவைப்படும். நவராத்திரிக்கு முன் தேவாரக்கட்டு சரஸ்வதியும் வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரம் புறப்படும்போது, அரண்மனையின் உப்பரிகை மாளிகையில் அரச உடைவாள் கைமாறும். நெருக்கியடிக்கும் கூட்டம், ஃப்ளாஷ் போட மனம் வராத இடம். கைகள் அசையும், நொடியில் நூற்றிருபத்தைந்தில் ஒரு பங்காவது வேண்டும். அங்கே ஒரு ஸ்டாப் என்பது ஐஎஸ்ஓ 3200க்கும் 6400க்கும் உள்ள வித்தியாசம். எம்9காரருக்கோ படம் உண்டா இல்லையா என்பதே.

என் தீர்ப்பு சம்மிலக்ஸ் எஃப்/1.4 ஆஸ்ஃபெரிக்கலுக்கு, அதிலும் 2004இல் வந்த வடிவத்துக்கு. எட்டுக் கண்ணாடி, ஐந்து தொகுதி. கிட்டே ஃபோகஸ் செய்யும்போது உள்ளே ஒரு பகுதி தனியாக நகர்ந்து பிழையைச் சமன்செய்கிறது. அதனால் 0.7 மீட்டரிலும் முகம் கரகரப்பின்றி வரும். ஃபோகஸ் நகர்வு தொந்தரவு செய்யும் அளவுக்கு இல்லை. எடை 335 கிராம். 2023இல் வந்த புதிய வடிவம் 0.45 மீட்டர் வரை நெருங்கும். ஆனால் 0.7க்கு உள்ளே ரேஞ்ச்ஃபைண்டர் தொடர்பு அறுந்துவிடும், திரையைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். அதற்காகக் கூடுதல் பணம் தேவையில்லை. குறையே இல்லையா என்றால் உண்டு: முழுதாகத் திறந்து, வானத்துக்கு எதிரே கிராதியை வைத்தால் மெல்லிய ஊதா தெரியும். எஃப்/2க்கு வந்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

அந்த விலை எட்டாதவர், நம்மில் பெரும்பாலோர், ஜப்பானின் கொசினா செய்யும் ஃபோக்ட்லாண்டர் நோக்டன் எஃப்/1.5 ஆஸ்ஃபெரிக்கலை எடுக்கலாம். திறந்த நிலையில் மூலைகள் சம்மிலக்ஸ் அளவுக்கு இறுகாது. மூலையில் யார் முகத்தை வைக்கிறார்கள்? எஃப்/1.2 நோக்டனும் நல்ல லென்ஸ்தான். அது கூடுதலாகத் தரும் அரை ஸ்டாப்புக்குச் சற்று மேலான வெளிச்சத்துக்காக வியூஃபைண்டரில் இன்னும் கொஞ்சம் இடம் போவதை நான் ஏற்கவில்லை.

பழைய லென்ஸ் வாங்குபவருக்கு ஒரு வார்த்தை. குமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் உண்டு. அலமாரியில் தோல் பைக்குள் கிடந்த லென்ஸில் பூஞ்சை வலை பின்னிவிடும். டார்ச் அடித்து உள்ளே பார்க்காமல் காசை நீட்டாதீர்கள். எந்த லென்ஸ் ஆனாலும் கடைக்கு உங்கள் கேமராவைக் கொண்டுபோங்கள். ஓர் அளவுகோலைச் சாய்த்து வைத்து, ஒரு மீட்டரில், நடுக்கோட்டில் ஃபோகஸ் பிடித்து, எஃப்/1.4, 2, 2.8, 4 என்று வரிசையாக எடுத்துப் பெருக்கிப் பாருங்கள். நான்கிலும் ஒரே அளவு விலகினால் கோளாறு பெரும்பாலும் கேமராவின் உருளையில், திருத்தக் கொடுக்கலாம். அபர்ச்சருக்கு அபர்ச்சர் கூர்மை பின்னே நடந்துகொண்டே போனால் அது லென்ஸின் சுபாவம், எந்தப் பட்டறையிலும் மாறாது; திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.