கல்லறைகளிடையே ஓர் இளைஞன்

அமெரிக்க எழுத்தாளர் ஜே. டி. சாலிஞ்சர் 1951-இல் வெளியிட்ட "தி கேட்சர் இன் தி ரை" என்னும் நாவலின் கதைத்தலைவன் ஹோல்டன் கால்ஃபீல்ட் பதினாறு வயதினன். பென்சி என்னும் உறைவிடப் பள்ளியிலிருந்து விலக்கப்பட்டு, பெற்றோரை எதிர்கொள்ள அஞ்சி, நியூயார்க் நகரில் தனியனாய் அலைகின்றான். பெரியோரின் உலகம் அவனுக்குப் போலியாகவே தோன்றுகின்றது. இவனது உளநிலையைக் குமரப் பருவக் கலகம் என்றோ, எரிக் எரிக்சன் விளக்கிய தன்னடையாள நெருக்கடி என்றோ கூறி அமைவோர் பலர். இம்மதிப்பீடு பிழையன்று, ஆயினும் போதியதன்று.

ஹோல்டனின் தம்பி ஆலி 1946-இல் இரத்தப் புற்றுநோயால் இறந்தான். அன்றிரவு பதின்மூன்று வயது ஹோல்டன் வண்டிக் கொட்டகையின் கண்ணாடிச் சன்னல்களை வெறுங்கையால் உடைத்தான். கைக்காயத்தால் மருத்துவமனையில் கிடந்தமையால் அடக்க ஆராதனையிலும் அவன் பங்கு பெறவில்லை. பெற்றோரோ அவனை உளப்பகுப்பாய்வுக்கு உட்படுத்த எண்ணினர். அழ வேண்டிய பிள்ளை ஆராயப்பட வேண்டிய பிள்ளையானான். தாயும் தன் துயரிலிருந்து மீளவில்லை. ஆகவே அவ்வீட்டில் துக்கம் இருந்தது. துக்கத்தைப் பகிர்தல் இல்லை.

இயல்பான துயரில் உலகம் வெறுமையாகின்றது. உளச்சோர்விலோ தன்னுள்ளமே குற்றவாளியாகின்றது என 1917-இல் ஃபிராய்டு வேறுபடுத்தினார். ஹோல்டனிடம் இவ்விரண்டும் உள. ஒருமுறை விளையாட்டுக்குத் தம்பியை உடனழைத்துச் செல்ல மறுத்ததை எண்ணி, மனம் சோரும்போதெல்லாம் இறந்த தம்பியிடம் மிதிவண்டியை எடுத்து வருமாறு உரக்கச் சொல்கின்றான். அமெரிக்க உளமருத்துவக் கழகம் 2022-இல் நீடித்த துயரை ஒரு கோளாறாகத் தன் கையேட்டில் சேர்த்தது. அப்பெயரை இவனுக்குச் சூட்டிவிடலாம். எனினும் பெயர் சூட்டுதல் உடனிருத்தல் ஆகாது.

இறையியல் மாணவர் கூர்ந்து நோக்கற்பாலது மற்றொன்று. இயேசுவுக்கு அடுத்தபடியாக வேதாகமத்தில் தனக்கு மிகவும் பிடித்தவன், கல்லறைகளில் வாழ்ந்து கற்களால் தன்னையே காயப்படுத்திக்கொண்டவன் என்கின்றான் ஹோல்டன். சீடரை அவனுக்குப் பிடிக்கவில்லை. கண்ணாடியால் கை கிழிந்து, தம்பியின் கல்லறையை மனத்தில் சுமந்து திரியும் அவன், மாற்கு 5-ஆம் அதிகாரத்தில் தன்னையே கண்டுகொண்டான் எனலாம். ஊரார் அம்மனிதனுக்கு விலங்கிட்டனர். இயேசுவோ பெயரைக் கேட்டார், பின்னர் வீட்டாரிடம் அனுப்பினார். மேற்கே ஓடிப்போக எண்ணிய ஹோல்டனையும் வீட்டுக்குத் திருப்பியது அறிவுரையன்று. தானும் வருவேன் எனப் பெட்டியை இழுத்து வந்த தங்கை பீபியின் அன்பே.

இவ்வொப்புமையை மிகைப்படுத்தலாகாது. நாவல் முழுமையான சுகத்தைக் காட்டவில்லை. இறுதியில் அவன் ஒரு சிகிச்சை நிலையத்திலேயே இருக்கின்றான். அங்குள்ள உளப்பகுப்பாய்வாளரும், மீண்டும் பள்ளி சென்றால் கருத்தாய்ப் படிப்பாயா என்றே வினவுகின்றார்.

போதகர்கள் பிரசங்கிக்கும்போது செயற்கைக் குரலில் பேசுகின்றனர் என்பது ஹோல்டனின் குற்றச்சாட்டு. இதனை இளமையின் துடுக்கென்று நாம் தள்ளிவிடலாகாது. ஒழுங்கீனம், சபைக்கு வராமை, எதிர்த்துப் பேசுதல் ஆகியவற்றோடு நம்மிடம் வரும் இளைஞனிடம், ஏன் இப்படி நடந்தாய் என்று கேட்குமுன், யாரை இழந்தாய் என்று கேட்கக் கற்றல் வேண்டும். அவ்வினாவைக் கேட்கச் செயற்கைக் குரல் உதவாது.